ஆடு தின்ற காய்

திருக்கோகர்ணம் பஸ் ஸ்டாப் ஓரத்தில் மகள் ஒரு காயைப் பறித்துச் செல்போனில் படம் பிடித்து என்ன காயென்று தேடினாள். "திங்கலாம்னு போட்டிருக்கும்மா." காட்டாமணக்கு. பதறித் தட்டிவிட்டேன்.

அரிமளத்தில் பக்கத்து வீட்டுச் செல்விக்கும் எனக்கும் அப்போது எட்டு வயது. ஆடு தின்பதை நாமும் தின்னலாம் என்பதுதான் எங்கள் தெருப் பிள்ளைகளின் கணக்கு. இதே காயைக் காட்டி, "ஆடு தின்னுச்சாடி?" என்று கேட்டாள். விளையாட்டாக, "தின்னுச்சு" என்றேன். கொட்டை கடலைபோல் இருக்கிறதென்று கை நிறையத் தின்றாள்.

"ஆடு தின்னுச்சாம்ப்பா" என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டுத்தான் செத்தாள். காரியம் முடிந்ததும் அவள் அப்பா அந்தக் காயை ஆட்டின்முன் வைத்தார். அது மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவர் என்னைப் பார்த்தார்.

"வெசம்னு ஒங்களுக்கு யாரும்மா சொன்னா?" என்றாள் மகள்.

"ஒரு ஆடு."