நாற்காலி மாறி உட்கார்ந்த நாள்

ஆபீஸில் எல்லோரையும் வேன் ஏற்றி கல்லாறுக்குக் கொண்டுபோனார்கள். பேசக் கற்றுக்கொடுக்கவாம். நாள் பூரா பேசித்தானே பிழைக்கிறோம் என்று எனக்கு எரிச்சல். அந்த மாசத்தோடு என் கான்ட்ராக்ட் முடிகிறது. ஆரியசாலை அரிசி மண்டியில் வேலை பார்த்த என் வீட்டுக்காரருக்கு முதுகு போன பிறகு, என் சம்பளம்தான் எங்களுக்கு. புதுப்பிப்பார்களா என்று மேனேஜரிடம் கேட்க வாய் வரவில்லை. என்ன சொல்வார் என்று தெரியும். பேனா மூடியை மேஜையில் தட்டிக்கொண்டே, "நோக்காம்" என்பார். மலையாளத்தில் பார்க்கலாம் என்று அர்த்தம். அவர் நோக்காம் சொல்லி எங்கள் ஆபீஸில் ஒருத்தருக்கும் லீவுகூடக் கிடைத்ததில்லை.

பந்து வீசி விளையாடியாச்சு, கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்தாச்சு. மத்தியானம், பயிற்சி கொடுக்க வந்த பெண் ரோல் ப்ளே என்றாள். மேனேஜர் ஊழியராக நடிக்க வேண்டும், ஊழியர் மேனேஜராக. இந்த அறையில் பேசுவது அறையைத் தாண்டாது, மனசு விட்டுப் பேசுங்கள் என்றாள். என் போறாத காலம், சீட்டுக் குலுக்கியதில் என் பேர் வந்தது.

மேனேஜர் என் எதிரே வந்து நின்றார். நான் ஷாலை இழுத்துவிடுவதுபோலத் தோளைத் தொட்டுக்கொண்டு, என் தமிழிலேயே கேட்டார்.

"சார், என் கான்ட்ராக்ட் என்னாச்சு சார்?"

எனக்குத் திக்கென்றது. நான் கேட்காமல் விழுங்கிக்கொண்டிருந்தது இந்த மனுஷனுக்குத் தெரிந்துதான் இருந்திருக்கிறது. அவர் நாற்காலியில் நான். 'போட்டாச்சும்மா' என்று சொல்லியிருந்தால் என்ன குடிமுழுகிப் போயிருக்கும்? எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கை தன்னால் பேனா மூடியைத் தட்டியது. நோக்காம் என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்தார்கள். மேனேஜருக்குக் கண்ணில் தண்ணியே வந்துவிட்டது. அச்சு அசல் என்று அந்தப் பெண் எல்லோரையும் கை தட்டச் சொன்னாள். எனக்கும் கொஞ்சம் பெருமையாக இருந்தது, வெட்கக்கேடு.

மாசக் கடைசியில், வேறு வழியில்லாமல் அவர் மேஜைக்குப் போனேன். கல்லாறில் அவர் கேட்ட அதே வார்த்தைகள்தான் வாயில் வந்தன. அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, பேனா மூடியை மெதுவாகத் தட்டினார். பக்கத்து மேஜைகளில் சிரிப்பு கிளம்பியது. அவர் மட்டும் சிரிக்கவில்லை.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதையும் நடிப்பு என்று நினைத்து யாரோ கை தட்டினார்கள்.