பெல்ட் போட்ட பன்னிரண்டு நாற்காலிகள்

அந்தக் குழந்தைகள் காப்பகத்தில் அவளுக்குப் பம்பரம் என்றுதான் பெயர். நாற்பத்தாறு வயது, கனத்த உடம்பு. ஆனாலும் ஒரு நிமிஷம் சும்மா நிற்க மாட்டாள். ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயது வரை பன்னிரண்டு வாண்டுகள் அவள் பொறுப்பு. தலையணைகளை அடுக்கி மலையேறச் சொல்வாள். தரையில் சாக்பீஸால் கோடு கிழித்து, "பாத்து நடங்கடா, ரெண்டு பக்கமும் தண்ணி!" என்று மிரட்டுவாள். பெரிய அட்டைப்பெட்டியின் ஒரு பக்கம் ஒரு வாண்டு நுழைந்தால் மறுபக்கம் தலை தெரியும்வரை மற்றதுகள் கை தட்ட வேண்டும்.

ஒரு செவ்வாய்க்கிழமை, பெட்டியிலிருந்து தவழ்ந்து வந்த குண்டுமணி என்கிற வாண்டு தரையில் முட்டிக்கொண்டாள். நெற்றியில் கோலிக்குண்டு அளவுக்கு வீக்கம். சாயங்காலம் அவளுடைய அப்பா வந்தார். பஸ் டிரைவர். நேராக மேலாளர் அம்மாவின் அறைக்குள் போய்ப் பேசிவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த திங்கட்கிழமை பெல்ட் வைத்த பன்னிரண்டு நாற்காலிகளும் ஒரு பெரிய டிவியும் வந்து இறங்கின.

"வந்ததும் உக்கார வச்சு பெல்ட்ட மாட்டிடுங்க. சாப்பாடு, தூக்கம் தவிர இறக்க வேணாம்" என்றாள் மேலாளர் அம்மா.

"மேடம், கட்டி வைக்க இதுங்க என்ன மூட்டையா?"

"பெத்தவங்க புகார் பண்ணிட்டாங்க. அடிபட்டா பதில் சொல்றது நீங்களா, நானா?"

பம்பரத்துக்குத் தன் மகன் நினைவு வந்தது. இளவயதில் அவள் பேக்கிங் கம்பெனிக்கு வேலைக்குப் போன காலத்தில், அவனை எதிர்வீட்டுக்காரி பார்த்துக்கொண்டாள். ஒருநாள் காய்ச்சலென்று பம்பரம் மத்தியானமே வேலையிலிருந்து திரும்பினாள். பிள்ளையின் இடுப்பில் ஒரு துணி, அதன் மறுமுனை சன்னல் கம்பியில். அவன் அழக்கூட இல்லை. அப்படிப் பழகிப் போயிருந்தான். இரண்டு வயது தாண்டித்தான் அவன் நடந்தான். அன்று துணி, இன்று பெல்ட். வேறென்ன வித்தியாசம்?

ஆனாலும் பிழைப்பு போய்விடுமே என்று மூன்று நாள் சொன்னபடி செய்தாள். ஒவ்வொரு பெல்ட்டையும் மாட்டும்போது தன்னையே திட்டிக்கொண்டாள். நான்காம் நாள், சாப்பாட்டுக்கு இறக்கியபோது வாத்து நடக்கவில்லை. கால் அகட்டி ஓடுவதால் அந்தப் பெயர் வாங்கியவன், இரண்டு கையையும் நீட்டித் தூக்கச் சொல்லிக்கொண்டு நின்றான்.

பொறுத்தது போதும் என்று பன்னிரண்டு பெல்ட்டையும் கழற்றிவிட்டாள். கேமராவில் பார்த்த மேலாளர் அம்மா ஓடி வந்தாள்.

"யாரக் கேட்டு அவுத்து விட்டீங்க?"

"நீங்க யாரக் கேட்டுக் கட்டச் சொன்னீங்க?"

அன்று சாயங்காலம் பம்பரம் வாசலிலேயே நின்றாள். வந்த ஒவ்வொருவரிடமும், "உங்க பிள்ளைய மூணு நாளா பெல்ட் போட்டு உக்கார வச்சிருந்தோம். கட்டுனது என் கைதான்" என்றாள். பெற்றவர்கள் திகைத்துப்போனார்கள். அந்த நாற்காலி சாப்பாட்டுக்கு மட்டும் என்றுதான் அவர்களுக்குச் சொல்லியிருந்தார்களாம்.

பஸ் டிரைவருக்கு முகம் சிவந்துவிட்டது. "அடப்பாவிங்களா! தரையில மெத்தை விரிங்கன்னுதானே சொன்னேன்? பிள்ளையக் கட்டி வைக்கவா சொன்னேன்?"

மேலாளர் அம்மா தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மெத்தை வந்தது. டிவி போனது. ஆனால் அனுமதி இல்லாமல் பெற்றோரிடம் பேசியதற்கு பம்பரத்தை மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள்.

"தப்பு பண்ணது நீங்க, மன்னிப்பு கேக்கிறது நானா? நல்லா இருக்கே நியாயம்!" என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள். உடனே அவளைச் சமையலறைக்கு மாற்றினார்கள். பக்கத்து அறையில் புதிதாக வந்தவள், "ஓடாத! ஏறாத! குதிக்காத!" என்று கத்தும்போதெல்லாம், பாத்திரம் தேய்க்கும் இவள் கையில் நார் பிய்ந்தது.

இரண்டு வாரம் அப்படிப் போனது. பிறகு பெற்றவர்கள் சேர்ந்து ஒரு மனு எழுதினார்கள். முதல் கையெழுத்து பஸ் டிரைவருடையது. பம்பரம் பழைய அறைக்கே வந்துவிட்டாள். கடிதத்தில் கடைசிவரை அவள் கையெழுத்துப் போடவில்லை.

மேலாளர் அம்மா இன்றுவரை அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

"பேசாட்டி போகட்டும்" என்கிறாள் பம்பரம். "மூணு நாள் கட்டி வச்சதுக்கு அந்தப் பிள்ளைங்ககிட்ட யாரு மன்னிப்பு கேட்டா?"