கடல் உள்வாங்குதாம்

இன்று பின்னேரம் எங்கள் ஃபிளாட் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. "வெள்ளவத்தையில கடல் உள்வாங்குது, எல்லாரும் வெளிக்கிடுங்கோ" என்று கீழே எழுதியிருந்தது.

கதவைத் திறந்தால், எதிர்வீட்டு வசந்தி அக்கா படியிறங்கி ஓடுகிறார்.

"தர்ஷி கடற்கரையில நடக்கப் போனவள் தம்பி, போனும் எடுக்கிறாளில்லை!"

அக்கா முல்லைத்தீவு. சுனாமியில் தங்கையைப் பறிகொடுத்தவர். இத்தனை வருடம் இங்கே இருந்தும் கரையோர ரயில் தண்டவாளத்தைத் தாண்டிக் கடல் பக்கம் போனதே இல்லை. நானும் பின்னால் ஓடினேன்.

கடல் அதன் இடத்திலேயே இருந்தது. வெயில் சாய்ந்து, தண்ணீரெல்லாம் பொன்னாகக் கிடந்தது. தர்ஷி ஒரு கல்லில் அமர்ந்து அலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா மகளை இறுகக் கட்டிக்கொண்டார்.

நான் போனில் தேடிப் பார்த்தேன். அரசாங்கப் பக்கத்தில் எச்சரிக்கை எதுவும் இல்லை. அந்த வீடியோ வேறேதோ நாட்டில் எப்போதோ எடுத்தது.

"பொய் அக்கா. போட்ட ஆளுக்கு நல்லா ஏசவேணும்."

ஒரு சின்ன அலை வந்து அக்காவின் காலை நனைத்துவிட்டுப் போனது. அவர் விலகவில்லை.

"ஏசாதைங்கோ தம்பி" என்றார், கடலைப் பார்த்தபடியே. "அண்டைக்கு முல்லைத்தீவில எங்களுக்கு ஒருத்தரும் ஒண்டுமே சொல்லேல்லை."

இருட்டும்வரை மூவரும் அங்கேயே நின்றோம்.

இப்போது குழுவில் எல்லோரும் அந்த மனுஷனைக் கிழித்துக்கொண்டிருக்கிறார்கள். நான் இன்னும் ஒன்றும் எழுதவில்லை. நீங்கள் என்றால் என்ன எழுதுவீர்கள்?