நான் பூட்டிய கம்பியூட்டர்

கல்யாணத்துக்கு முன்னால் அட்டனில் ஒரு கடையின் மாடியில் நான் கம்பியூட்டர் பூட்டிக்கொண்டிருந்தேன். அந்தச் சொல்லே எனக்கு அங்கேதான் கிடைத்தது. எங்கள் தோட்டத்தில் பூட்டுவது என்றால் கதவைப் பூட்டுவது மட்டும்தான். என்னோடு வேலை செய்த அக்கா யாழ்ப்பாணத்துக்காரி. அவருடைய அப்பா அட்டனில் அரசாங்க உத்தியோகத்தில் இருந்தார். அக்காவின் பேச்சில், பாகங்களை எடுத்து ஒன்றோடு ஒன்று பொருத்தி ஒரு சாமானாக்குவதும் பூட்டுவதுதான். கொஞ்ச நாளில் நானும் அப்படியே பேச ஆரம்பித்தேன். வீட்டில் அம்மாவிடம், இன்றைக்கு ஒரு கம்பியூட்டர் பூட்டினோம் என்று சொன்னபோது, எதற்குப் பூட்டினீர்கள், திருட்டுப் பயமா என்று கேட்டார்.

கடை ஒரு வியாபாரக் குடும்பத்துடையது. கீழே ரேடியோவும் கைக்கடிகாரமும் விற்றார்கள். தொண்ணூறுகளின் பிற்பாதியில் மாடியில் கம்பியூட்டர் வகுப்பு தொடங்கினார்கள். நான் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு அந்த வகுப்புக்குப் போனவள். டைப் அடிக்கப் பழகுவதைவிடப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதில்தான் எனக்கு நாட்டம். அக்காவுக்கும் அப்படித்தான். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் மூத்தவர், அவருக்கும் யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. கொழும்பிலிருந்து முதலாளி பாகங்களை வாங்கிவந்து போடுவார். நாங்கள் இருவரும் கழற்றுவதும் பூட்டுவதுமாகப் பழகினோம். வேகத்தைத் தீர்மானிக்க, மதர்போர்டு என்கிற பெரிய பலகையில் ஜம்பர் என்கிற குட்டிக் குட்டித் தொப்பிகளைப் பிடுங்கி இடம் மாற்றி வைக்க வேண்டும். அதற்கு அக்கா புருவம் திருத்தும் இடுக்கியைப் பயன்படுத்துவார். பட்டையான வயரில் ஓரத்துச் சிவப்புக் கோடு கரண்ட் வரும் பக்கம் இருக்க வேண்டும். இதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டும் செய்வேன் என்று அப்போது பெருமையடித்திருக்கிறேன்.

பிறகு கந்தப்பளைக்குக் கல்யாணம் கட்டி வந்தேன். என் கணவர் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தார். அவர் வீட்டில் என்னைக் கம்பியூட்டர் படித்த பெண் என்று சொல்லிக்கொண்டார்கள். அதில் என்ன படித்தேன் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். அக்கா கொழும்புக்குப் போய் ஒரு அலுவலகத்தில் கணக்கு வேலையில் சேர்ந்துவிட்டார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போனில் பேசுவோம். பேச்சு பிள்ளைகளைப் பற்றியும் வருத்தம் சுகம் பற்றியும்தான் இருக்கும்.

அப்படியே ஒன்பது பத்து வருடங்கள் போய்விட்டன. யுத்தத்தின் கடைசிக் காலம் அது. வினாத்தாள் அடிப்பதற்காக நுவரெலியாவுக்குப் போய்ப் போய் அலுத்துப்போன என் கணவர், வீட்டுக்கே ஒரு கம்பியூட்டர் வாங்கிவிடுவோம் என்றார். அங்கே ஒரு கடையில் விவரம் எழுதி வாங்கி வந்திருந்தார். நான் அதை வாங்கிப் பார்த்தேன். மெமரி குறைவு, பவர் சப்ளை எதுவென்றே போடவில்லை. எதற்குள் எதை வைத்து விற்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்?

"கடையில வேணாங்க. சாமான வாங்கித் தாங்க, நானே பூட்டுறேன்" என்றேன்.

அவருக்கு ஆச்சரியம். "இன்னும் ஞாபகம் இருக்கா ஒனக்கு?"

"இருக்கு" என்றேன். உண்மையிலேயே இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

கொழும்பில் எந்தத் தெருவில் வாங்குவது என்று அக்காதான் விசாரித்துச் சொன்னார். பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு, நானும் அவரும் நானுஓயாவில் ரயிலேறிப் போனோம். இரண்டு பெரிய பைகள் நிறைய அட்டைப்பெட்டிகளோடு திரும்பும்போது, ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் சோதனைக்கு நிறுத்தினார்கள். அந்த நாட்களில் சாப்பாட்டுப் பார்சலைக்கூட அவிழ்த்துக் காட்டித்தான் போக வேண்டும். எங்கள் பையில் இருந்ததோ வயரும் சர்க்யூட் பலகையும். அடையாள அட்டைகளைப் பார்த்த சிப்பாய் பைகளையும் திறக்கச் சொன்னார். கணவருக்கு முகம் வெளிறிவிட்டது. அவர் சிங்களம் நன்றாகப் பேசுவார், ஆனால் மதர்போர்டுக்கும் ஹார்ட் டிஸ்குக்கும் வித்தியாசம் தெரியாது. சிப்பாய் ஒவ்வொன்றாக எடுத்து "மே மொனவாத?", இதெல்லாம் என்ன என்று கேட்க, அவர் எல்லாவற்றுக்கும் கம்பியூட்டர், கம்பியூட்டர் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். கேட்பவருக்குச் சந்தேகம்தான் கூடியது.

நான் முன்னால் போனேன். அடுப்படிச் சிங்களத்தில் எனக்குத் தெரிந்த மட்டில் ஒவ்வொன்றையும் எடுத்து, இது கரண்ட் கொடுப்பது, இது ஞாபகம் வைப்பது, இது மூளை என்று விளக்கினேன். பலகையை அவர் விரலால் தொடப் போனபோது, தொட வேண்டாம், பழுதாகிவிடும் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னேன் என்பது உறைத்தது. அவர் கையை எடுத்துக்கொண்டார். பிறகு என் கணவரைப் பார்த்து, "கவுத ஹதன்னே?" என்றார். யார் இதைச் செய்யப்போவது என்று கேட்கிறார்.

"மம" என்றேன். நான்.

அவர் சிரிக்கவில்லை. தன் தங்கையும் கம்பியூட்டர் படிக்க ஆசைப்படுகிறாள் என்று சொல்லி, பெட்டிகளை எப்படி இருந்தனவோ அப்படியே அடுக்க உதவினார். ரயில் அட்டன் தாண்டியதும் கணவர், "நீ இப்படிப் பேசி நான் பாத்ததே இல்ல" என்றார். அது புகழ்ச்சியா, மனத்தாங்கலா என்று எனக்குப் பிடிபடவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது என்று இப்போது நினைக்கிறேன்.

மறுநாள் சனிக்கிழமை. சாப்பாட்டு மேசையைத் துடைத்து, எல்லாவற்றையும் பரப்பினேன். பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். மாமியார் கம்பளிச் சால்வையைப் போர்த்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். முதலில் புரொசஸரை எடுத்துத் திருப்பினேன். அடியில் ஊசிகளே இல்லை. எனக்குத் தெரிந்த புரொசஸர் ஒவ்வொன்றுக்கும் அடியில் சீப்புப்பல் போல ஊசிகள் இருக்கும். இதில் தங்கப் புள்ளிகள் மட்டும்தான். தவறான சாமானைக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். பலகையில் அது உட்காரும் இடத்தின் மூடியைத் திறந்து பார்த்தபோது ஊசிகள் அங்கே இருந்தன. நான் இல்லாத காலத்தில் இடம் மாறியிருக்கின்றன. குட்டித் தொப்பிகளை வைக்கும் வேலையே இல்லை. பட்டை வயரும் இல்லை, அதற்குப் பதிலாக ஒல்லியான சிவப்பு வயர். எந்தப் பக்கம் என்று யோசிக்கவே வேண்டாம், ஒரு பக்கமாகத்தான் நுழையும். புரொசஸர் மேல் விசிறியை அழுத்திப் பொருத்தும்போது பலகை வளைந்ததைப் பார்த்து மூச்சை அடக்கிக்கொண்டேன்.

எல்லாம் முடித்துச் சுவிட்சைப் போட்டேன். விசிறி சுற்றியது. பிள்ளைகள் கை தட்டினார்கள். திரை கறுப்பாகவே இருந்தது. அணைத்துப் போட்டேன், மெமரியைக் கழற்றி மாட்டினேன், மொனிட்டர் வயரை மாற்றிப் பார்த்தேன். கறுப்புத்தான். கணவர் மெதுவாக, திங்கட்கிழமை நுவரெலியாவுக்குக் கொண்டுபோய்க் காட்டுவோமா என்று கேட்டார். அவர் குத்திக்காட்டவில்லை. இருந்தாலும் எனக்கு அழுகை வந்தது. எழுந்து போய்ச் சோற்றுக்கு உலை வைத்தேன்.

மாமியார் பின்னாலேயே வந்தார். "கோவத்தோட கைய வைக்காத. சாப்புட்டுட்டு நிதானமாப் பாரு" என்றார்.

சாப்பிட்ட பிறகு அக்காவுக்குப் போன் எடுத்தேன். அவருக்குத் தெரியும் என்ற நம்பிக்கையில் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன்.

"நான் இதுகளைத் தொட்டுக் கனகாலம். இப்ப வாறதுகள் எனக்கும் விளங்காது" என்றார்.

அவரும் விட்டுவிட்டார் என்பது எனக்குத் தெரிந்த விஷயம்தான், கேட்கும்போது வேறு மாதிரி இருந்தது. பிறகு அவரே சொன்னார். "அப்ப மட்டும் எங்களுக்கு என்ன தெரியும்? வராட்டி எல்லாத்தையும் கழட்டி வச்சிட்டு முதல்ல இருந்து பாப்பம். நீ கழட்டிப் பார். நான் இஞ்சதான் இருக்கிறன்."

எல்லாவற்றையும் கழற்றினேன். வெறும் பலகையை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு, ஒன்றையும் பூட்டாமல், மூலையிலிருந்து மூலைவரை பார்த்தேன். புரொசஸருக்குப் பக்கத்தில் சதுரமாக நான்கு ஓட்டைகள் கொண்ட ஒரு இடம் காலியாக இருந்தது. காலையில் அது என் கண்ணில் படவே இல்லை. பவர் சப்ளையிலிருந்து மஞ்சளும் கறுப்புமாக நான்கு வயர்களோடு ஒரு சின்னச் சதுர முனை தொங்கியது. அதை மிச்சமான வயர் என்று நினைத்து நானே சுருட்டி ஓரமாகக் கட்டி வைத்திருந்தேன். அட்டனில் நாங்கள் பூட்டிய காலத்தில் அப்படியொன்று கிடையாது. பலகைக்குப் பெரிய முனை ஒன்றைச் செருகினால் போதும், கரண்ட் எல்லாவற்றுக்கும் போய்விடும். இப்போது மூளைக்குத் தனியாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

மறுபடி பூட்டி, அந்த நான்கையும் செருகினேன். டிக் என்று பொருந்தியது. சுவிட்சைப் போட்டதும் ஒற்றை பீப் சத்தம் கேட்டு, திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின. அடுத்த அறையிலிருந்து வந்த கணவர், என் தோளுக்குப் பின்னால் நின்று அந்த எழுத்துகளை வாசித்தார். எந்த வரி எதைச் சொல்கிறது என்று கேட்டார். ஒவ்வொன்றாகச் சொன்னேன். பிள்ளைகளுக்குப் படிப்பிப்பவர் அல்லவா, புரியாத இடத்தில் நிறுத்தி மறுபடி கேட்டார்.

என் தவறை அன்றைக்கு மறதி என்றுதான் நினைத்தேன். பிறகு யோசித்துப் பார்த்தால், நான் எதையும் மறந்திருக்கவில்லை. எல்லாம் சரியாகவே ஞாபகம் இருந்தது, அதுதான் கண்ணை மறைத்தது. தெரிந்த இடங்களையே தேடித் தேடிப் பார்த்தேன். தெரியாத ஓட்டை கண்ணெதிரே இருந்தும் இல்லாததுபோல் ஆகிவிட்டது. ஒன்றும் தெரியாமல் இருந்திருந்தால் முதல் தடவையே கண்டுபிடித்திருப்பேனோ என்னவோ.

அன்று சாயங்காலம் அக்காவோடு மறுபடி பேசினேன். அந்த நான்கு ஓட்டை எங்கே இருக்கிறது, எந்த நிறம், எப்படிப் பொருந்துகிறது என்று துருவித் துருவிக் கேட்டார். வீட்டுக்காரர் வந்துவிட்டார், வைக்கிறேன் என்று சொல்லிவிட்டு, வைக்காமல் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் என்று இருந்த பேச்சு அதன் பிறகு வாராவாரம் ஆனது. அந்த வருடத்துக்குள் எங்கள் பக்கத்து ஆசிரியர் வீடுகள் சிலவற்றுக்கு நான் பூட்டிக் கொடுத்தேன். சாமான் தேர்ந்தெடுப்பது கொழும்பில் அக்காவின் வேலையாக இருந்தது. சனிக்கிழமைகளில் அந்தத் தெருவில் கடை கடையாக ஏறி இறங்குவதாகவும், காலணி தேய்ந்துவிட்டதாகவும் அலுத்துக்கொள்வார். அந்த அலுப்பில் ஒரு சந்தோஷம் இருப்பது போனில் நன்றாகவே கேட்கும்.