மிளகாய் மேல் போட்ட பழி

தாலுகா நிருபருக்குச் செய்தி அனுப்ப நேரம் உண்டு. சாப்பிட நேரம் கிடையாது. இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷங்களில் கள்ளக்குறிச்சியில் நான் வயிற்றுப்புண் சம்பாதித்தது அப்படித்தான். நெஞ்சுக்குழியை அழுத்திக்கொண்டே இதைப் படிக்கும் சக நோயாளிகளுக்கு மேற்கொண்டு விளக்கம் வேண்டாம்.

சோடா

மறியல் நாட்களில் ஓட்டல்கள் அடைத்திருக்கும். பின்கதவைத் திறந்து வைத்திருக்கும் ஒரு டீக்கடைதான் கதி. பசித்தால் எரியும், தின்றால் அடங்கும், இரண்டு மணி நேரத்தில் மறுபடி எரியும். கடைக்காரர் முகத்தைப் பார்த்தே நோயைச் சொன்னார்: "வாய்வு சார். சோடா குடிங்க. எங்கப்பாவும் இதான் குடிச்சிக்கினு இருந்தாரு, ரத்தம் கக்குற வரைக்கும்."

படம்

கள்ளக்குறிச்சி டாக்டர் எக்ஸ்ரேவுக்குக் கடலூர் அனுப்பினார். வெறும் வயிற்றில் சுண்ணாம்புக் கரைசல் போல ஒன்றைக் குடிக்க வைத்துப் படம் எடுத்தார்கள். குடல் தொடங்கும் இடத்தில் புண். மாத்திரை, வெள்ளை மருந்து, வேளைக்குச் சாப்பாடு. வலி மாத்திரையைத் தொடவே கூடாது, புண்ணில் ரத்தம் கசியும் என்று டாக்டர் இரண்டு முறை சொன்னார். தலைவலி வந்தால்? "பொறுத்துக்குங்க. தலைவலியில எவனும் சாவல."

மலைமேல்

ஏழுமலை எனக்குத் தகவல் சொல்பவர். சங்கராபுரம் பக்கம் கரும்பு வெட்டும் கூலியாள். ஒரு மறியலில் இடுப்பில் லத்தி விழுந்தது. வழக்குக்குப் பயந்து கல்வராயன் மலையில் தெரிந்தவர் கொட்டகையில் பதுங்கினார். நான் போனபோது பெட்டிக்கடை வலி மாத்திரையை அட்டை அட்டையாக வைத்திருந்தார். காலையில் இரண்டு, மாலையில் இரண்டு. சோறு ஒரு வேளை, அதுவும் கிடைத்தால். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். "அடி வாங்கினது நீங்களா, நானா? வவுத்த அப்பால பாத்துக்கலாம். பேர மட்டும் பேப்பர்ல போட்டுடாதீங்க."

போடவில்லை.

திரைக்கு அந்தப் பக்கம்

மூன்று வாரம் கழித்து அதே டாக்டரிடம் மருந்துக்காக உட்கார்ந்திருந்தேன். மனைவி அஞ்சலை தாங்கிப் பிடிக்க ஏழுமலை வந்தார். என்னைத் தெரியாதவர் போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். வாசலில் ஒரு போலீஸ்காரர், குழந்தையின் இருமலுக்காக வந்து நின்றிருந்தார்.

உள்ளே கதவு கிடையாது, துணித் திரைதான். பேசுவதெல்லாம் கேட்டது.

"வலி மாத்திரை எதனா போட்டியா?"

"இல்லீங்க. காரம்தான் ஜாஸ்தி."

மாத்திரை என்றால் எதனால் வலி என்ற கேள்வி வரும், பதில் வாசலில் நிற்கும் போலீஸ்காரர் வரை கேட்கும். உள்ளே ரத்தம் கசிகிறதா என்று தெரிய, மலம் கறுப்பாகப் போகிறதா என்றார் டாக்டர். "இருட்டுல காட்டுக்குப் போறோம். யாரு பாத்தா?"

மருந்து எழுதி, மிளகாயை நிறுத்தச் சொல்லி அனுப்பினார். போலீஸ்காரர் போனதும் உண்மையைச் சொல்லிவிட நினைத்தேன். அவர் போனார். என் முறை வந்தது. தகவல் தந்தவரைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பது தொழில் தர்மம்; என் எரிச்சலைப் பற்றி மட்டும் பேசினேன். டாக்டர் என் தோளைத் தட்டினார்: "நீங்கதான் சார் ஒழுங்கா சொல்ற பேஷண்ட்."

துக்கம்

ஐந்தாம் நாள் ஏழுமலை ரத்த வாந்தி எடுத்தார். அன்று மறியல் இல்லை, சாலையில் ஒரு மரம்கூட வெட்டிப் போடவில்லை. கடலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக பஸ் நேரத்துக்கு வந்தது. உளுந்தூர்பேட்டை தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது. துக்கம் கேட்கப் போனேன். அஞ்சலை என்னிடம் சொன்னாள்: "டாக்டரு சொன்னதுலருந்து ஒரு மிளகா வூட்ல சேக்கல சார். மாத்திரையும் வேளை தவறாம குடுத்தேன், வலி மாத்திரையும் சேத்து."

முப்பது வருஷத் தொழிலில் தகவல் தந்த ஒருவரையும் நான் காட்டிக்கொடுத்ததில்லை, என் புண்ணும் ஆறிவிட்டது.