பல் இல்லாத கத்தி

என் மடக்குக் கத்தியின் அலகில் பாதி வழுவழுப்பு, மீதிப் பாதி வாள்போலப் பல். கயிறு அறுக்க அந்தப் பல்லை அடிக்க வேறொன்றில்லை. ஆனால் மீன் வெட்டினால் சதையைப் பிய்த்துவிடும். மழுங்கினால் தீட்டுக்கல்லில் தீட்டவும் முடியாது. ஒருநாள் எரிச்சலில் அரத்தால் பற்களை அராவித் தள்ளினேன். என்னோடு கடல் தொழிலுக்கு வரும் தங்கை புருஷனிடம் அதைச் சொல்லவில்லை.

மறுநாள் காலை, திருகோணமலைத் துறைமுக வாயிலில் நங்கூரம் இறக்கும்போது கயிறு அவன் இடக்கையைச் சுற்றி, படகின் விளிம்போடு இறுக்கியது.

"வெட்டு மச்சான்! பல்லுப் பக்கத்தால வெட்டு!"

நனைந்த நைலோன் கயிற்றில் அலகு வழுக்கிக்கொண்டே இருந்தது. கயிறு அறுவதற்குள் அவனுடைய இரண்டு விரல்கள் நசுங்கிப்போயின.

ஆஸ்பத்திரியில் அந்த விரல்களை எடுத்துவிட்டார்கள். அவன்தான் எனக்கு ஆறுதல் சொன்னான். "நீ என்ன செய்யிறது மச்சான்? கயிறு அவ்வளவு தடிப்பு."

"ஓம்" என்றேன்.

இப்போதும் அவன் பார்க்கட்டும் என்றே, அவன் முன்னால் அதே கத்தியால் மீன் வெட்டுகிறேன். அலகு எங்கும் சிக்காமல் இறங்குகிறது. மிஞ்சிய மூன்று விரல்களால் அவன் மீனைப் பிடித்துத் தருகிறான். பல் எங்கே என்று மட்டும் கேட்பதில்லை.