சத்தமில்லாத டயர்

ஒன்பது வயதில் எனக்கு ஒரு உத்தியோகம் இருந்தது. சம்பளம் கிடையாது, ஆனால் கிம்பளம் உண்டு. எங்கள் காரின் முன்சீட்டுகள் இரண்டுக்கும் நடுவே தலையை நீட்டி நின்றுகொண்டு, அம்மா சொல்வதை வாங்கி அப்பாவிடம் கொடுக்க வேண்டும். அதுதான் வேலை. இன்று எந்தப் பிள்ளையையும் காரில் அப்படி நிற்க விடமாட்டேன். அன்று அந்த இடத்தை யாராவது கேட்டிருந்தால் கடித்திருப்பேன்.

அம்மா அரசுப் பள்ளியில் விளையாட்டு டீச்சர். மைதானத்தின் இந்தக் கோடியில் நின்று அவள் அதட்டினால், அந்தக் கோடியில் ஓடுகிறவன் மட்டுமல்ல, ரோட்டில் சைக்கிளில் போகிறவரும் வேகமெடுப்பார் என்று பெரியப்பா கேலி செய்வார். கிளிஞ்சல்மேட்டிலிருந்து வரும் பிள்ளைகள்தான் அவளுக்குப் பயப்பட மாட்டார்களாம். கடல் பக்கத்திலேயே வளர்ந்தவர்களுக்கு டீச்சர் சத்தம் எம்மாத்திரம் என்பாள்.

அந்த வருஷம் அவள் கழுத்தில் இருந்த ஒரு கட்டியைப் பாண்டிச்சேரியில் எடுத்தார்கள். கட்டி சாதுவானதுதான். ஆனால் எடுத்த பிறகு, குரலுக்குப் போகும் நரம்பு ஒன்று சோர்ந்துபோய்விட்டது. அம்மா வாயைத் திறந்தால் பாதி குரல், பாதி காற்று. ஆறு மாதமோ ஒரு வருஷமோ கழித்துத் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம், எப்படியானாலும் கத்திப் பேசக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். அவள் பள்ளிக்கூட விசிலை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். எனக்கு ஒரு ஊதல், அப்பாவுக்கு இரண்டு, பெரியம்மாவுக்கு மூன்று. மூத்தவளை விசிலடித்துக் கூப்பிடுவதா என்று பெரியம்மா ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

தலத்தெருவில் எங்கள் வீடு, பெரியப்பா குடும்பமும் நாங்களும் சேர்ந்து இருந்த வீடு. ஆள் இல்லாத அறை என்று ஒன்று அதில் கிடையாது. டி.வி. ஓடாத நேரமும் கிடையாது. அப்பாவுக்குத் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை. ஆகவே அப்பாவும் அம்மாவும் உட்கார்ந்து பேசுவது என்றால் மாதத்துக்கு ஒரு முறை, குரல் பயிற்சிக்காகப் பாண்டிச்சேரி போகும்போதுதான். போக மூன்றரை மணி நேரம், வர மூன்றரை மணி நேரம்.

கார் பழையது, டிக்கி வைத்த வெள்ளைக் கார். நாற்பதைத் தாண்டினால் டயர்கள் 'ஊ' என்று ஆரம்பிக்கும். அறுபதில் அது காருக்குள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்தச் சத்தத்தில் அம்மாவின் குரல் பக்கத்து சீட்டுக்குக்கூடப் போய்ச் சேராது. அப்பா ரோட்டை விட்டுவிட்டு அவள் வாயைப் பார்க்கவும் முடியாது. அங்கேதான் என் உத்தியோகம் பிறந்தது.

நான் நேர்மையான ஊழியர் என்று சொல்லமாட்டேன். "முன்னாடி பஸ்காரன் பிரேக் அடிக்கிறான், பாத்துப் போகச் சொல்லு" என்று அம்மா சொன்னால் அதை அப்படியே கொடுப்பேன். "எங்கயாச்சும் ஒரு டீ குடிக்கலாமான்னு கேளு" என்றால், "அம்மாவுக்கு டீயாம், எனக்கு ரோஸ்மில்க்காம்" என்று கொடுப்பேன். அம்மா என் தொடையைக் கிள்ளுவாள். மறுத்துப் பேசுவதென்றாலும் என் வழியாகத்தானே பேச வேண்டும்? ஆகவே ரோஸ்மில்க் தவறாமல் வந்தது.

ஒருமுறை திரும்பி வரும்போது சீர்காழிக்குப் பக்கத்தில் அம்மா, "அப்பாகிட்ட சொல்லு..." என்று ஆரம்பித்தாள். நான் காதை இன்னும் கிட்டே கொண்டுபோனேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "ஒண்ணுமில்ல. ஜன்னலக் கொஞ்சம் இறக்கச் சொல்லு" என்றாள். நான் சொன்னேன். அப்பா இறக்கினார். வெயில் காற்று அடித்ததும் அவளே மூடச் சொல்லிவிட்டாள். பெரியவர்கள் தங்களுக்கு என்ன வேண்டும் என்றே தெரியாதவர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த நிலையில்தான் அப்பா டயர் மாற்றப் போவதாக அறிவித்தார். வீடே ஆச்சரியப்பட்டது. தேய்ந்த சோப்பைப் புதுச் சோப்பின் முதுகில் ஒட்டிக் குளிக்கிறவர் அவர். டயர்கள் இன்னும் ஒரு வருஷம் ஓடும் என்று மெக்கானிக்கே சொல்லியிருந்தார். "நல்லா இருக்கிறத ஏண்டா கழட்டுற?" என்று பெரியப்பா கேட்டார். அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு நாகூர் போகும் சாலையில் இருந்த டயர்க் கடைக்குப் போனார்.

கடை பாய் வெள்ளைத் தொப்பி போட்ட, நிதானமான மனிதர். அப்பா கேட்டதும் அவர் கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டார்.

"இருவது வருஷமா கடை வச்சிருக்கேன் சார். எவ்வளவு ஓடும்னு கேப்பாங்க. எவ்வளவு கொறைப்பீங்கன்னு கேப்பாங்க. சத்தம் வராத டயர் இருக்கான்னு கேட்டு வந்தது நீங்கதான்."

அதன்பிறகு அந்தக் கடை எனக்குப் பள்ளிக்கூடத்தைவிட நன்றாக இருந்தது. பாய் என் கையைப் பிடித்து எங்கள் பழைய டயரின் மேல் ஒரு பக்கமாகத் தடவச் சொன்னார். வழுவழுவென்று போயிற்று. எதிர்ப்பக்கமாகத் தடவினால் உள்ளங்கையைப் பிறாண்டியது. ரம்பம் மாதிரி தேய்ந்திருக்கிறது, அதுதான் கத்துகிறது என்றார். பிறகு இரண்டு புது டயர்களைப் பக்கத்தில் பக்கத்தில் உருட்டி வைத்தார். ஒன்றில் கட்டங்கள் தடிமனாக, எல்லாம் ஒரே அளவில் இருந்தன. மற்றதில் பெரிதும் சிறிதுமாக நெருக்கமாக இருந்தன.

"ஒரே அளவா இருந்தா எல்லாக் கட்டமும் சேந்து ஒரே மாதிரி கத்தும். மாத்தி மாத்தி வச்சா சத்தம் கலைஞ்சு போயிரும். ரப்பரும் இது மெத்து. பள்ளத்துல எறங்குனா இடுப்புக்குத் தெரியாது. ஆனா ஒண்ணு சார், சீக்கிரம் தேஞ்சிரும். கெட்டி டயருதான் ரொம்ப நாளைக்கு வரும்."

நான் புது டயரில் முளைத்திருந்த ரப்பர் முடிகளைப் பிய்த்துக்கொண்டு, ஒரு டயர் எவ்வளவு சத்தம் போடும் என்பதை அதன் முகத்தைப் பார்த்தே சொல்ல முடிகிறதே என்று வியந்துகொண்டிருந்தேன். நம்புவது எப்படி என்று அப்பா கேட்டார். பாயின் காரில் மெத்து டயர், அவருடைய தம்பியின் காரில் கெட்டி டயர். இரண்டும் எங்கள் கார் மாதிரியே டிக்கி வைத்தவை. ஓட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று இரண்டு சாவிகளையும் கொடுத்துவிட்டார்.

ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தோம். முதலில் எடுத்த தம்பியின் கார் எங்கள் காருக்குக் கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான். பாயின் காரில் நான் விடும் மூச்சு எனக்கே கேட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கார் இப்படி ஓடினால், நடுவில் நிற்க நான் எதற்கு?

"உனக்குத்தான் காது கூர்மை. எது பாப்பா சத்தம் கம்மி?" என்று கேட்டார் அப்பா.

"முதல் கார்தான்" என்றேன். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

பாய் என்னையே பார்த்தார். அப்பா தாடையைச் சொறிந்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமை வருகிறோம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து நேரே கடைக்குப் போனோம், இந்தத் தடவை அம்மாவோடு. அப்பா பரீட்சையை விளக்கினார். அறுபதில் ஓட்டுவார். அம்மா எதையாவது சொல்ல வேண்டும், தொண்டையை வருத்தாமல், சாதாரணமாக. அவருக்குக் கேட்டால் அந்த டயர் பாஸ். என்னைப் பின்சீட்டில் நன்றாகச் சாய்ந்து உட்காரச் சொன்னார். "நீ வாயே தொறக்கக்கூடாது."

முதலில் தம்பியின் கார். ஊரைத் தாண்டியதும் அம்மாவின் உதடு அசைவது பக்கவாட்டில் தெரிந்தது. அப்பா யோசித்து, "ஆமாமா, வெயிலுதான்" என்றார். அம்மா இல்லையென்று தலையாட்டினாள். மறுபடி சொன்னாள். "தண்ணியா?" என்றார். காரில் அத்தர் வாசனை தூக்குகிறது என்று அவள் சொன்னதாகப் பிறகு தெரிந்தது. எனக்கு நாக்கு அரித்தது, ஆனாலும் மனசுக்குள் ஒரு சந்தோஷம். ஃபெயில்.

அடுத்தது பாயின் கார். தரங்கம்பாடிப் பக்கம் போகும் சாலை, இரண்டு புறமும் வயல். வேகமுள் அறுபதுக்கு வந்து நின்றது. ஜோடி ஜோடியாகக் கொக்குகள் கடந்துபோயின. பிறகு அம்மா, ரோட்டைப் பார்த்தபடியே, ஏதோ சொன்னாள். சின்னதாக, ஒரே ஒரு வாக்கியம். பின்சீட்டில் இருந்த எனக்கு அது எட்டவில்லை.

அப்பா காரணமே இல்லாமல் கியரைக் குறைத்தார். கார் மெதுவாயிற்று.

"அதுக்குத்தானே டயர மாத்துறேன்" என்றார்.

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் உத்தரவை மீறி முன்னால் பாய்ந்து, "என்னப்பா? அம்மா என்ன கேட்டாங்க?" என்றேன். ஒன்றுமில்லை, உட்கார் என்றார். அம்மாவின் தோளை ஆட்டிக் கேட்டேன். அவள் திரும்பாமலே என் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

கடைக்குத் திரும்பியதும் மெத்து டயர் நாலையும் போடச் சொல்லிவிட்டார். எவ்வளவு ஓடும் என்று கடைசிவரை கேட்கவே இல்லை. காத்திருக்கும்போது என் தலையில் கைவைத்து, "உன் காது நல்ல காதுதான் பாப்பா" என்று மட்டும் சொன்னார். நான் டயர்களை எண்ணுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

அந்தக் கேள்வி என்னவாக இருக்கும் என்று நான் பல நாள் யோசித்தேன். பதில் கையில் இருக்கிறது, கேள்வியைக் கண்டுபிடிக்க வேண்டும். ஏன் ஊரார் காரை எல்லாம் ஓட்டுகிறீர்கள் என்று கேட்டிருப்பாளா? ஏன் இவ்வளவு செலவு என்றா? எதைப் போட்டாலும் அந்தப் பதில் பொருந்தத்தான் செய்தது. எதற்கும் அப்பா கியரைக் குறைத்திருக்க வேண்டியதில்லை என்பதுதான் உதைத்தது. அம்மாவிடம் கேட்டால், "சும்மா" என்பாள். அடுத்த மாதம் பாண்டிச்சேரி போகும்போது அவர்கள் சிதம்பரம்வரை பேசிக்கொண்டே போனார்கள். எனக்கு அப்பாவின் 'ம்' மட்டும் கேட்டது. வேலை பறிபோன கோபத்தில் நான் தூங்கிவிட்டேன்.

போன வருஷம் நானே ஒரு பழைய கார் வாங்கி, அதற்கு டயர் மாற்ற அப்பாவிடம் யோசனை கேட்கக் கூப்பிட்டேன். போனை அம்மா எடுத்தாள். அவளோடு பேசுவதென்றால் நான் ஃபேனை நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். இன்றும் அப்படித்தான். பேச்சோடு பேச்சாக, அன்றைக்கு என்னதான் கேட்டாய் என்றேன். அவள் மறந்திருக்கவில்லை.

"இந்தக் கொரலு இப்புடியே நின்னுபோச்சுன்னா என்னங்க பண்ணுவீங்கன்னு கேட்டேன்."

முகத்தைப் பார்த்துக் கேட்க முடியாத கேள்வி அது. கேட்கப்படுகிறவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால்தான் வாயில் வரும். டயர் மாற்றும்வரை ஏழு மாதமாக அவள் அதை வைத்துக்கொண்டு போய்வந்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் நடுவில் என் முகம் இருந்திருக்கிறது. நான் என்னவோ அவள் வாய்க்குப் பக்கத்திலேயே காதை வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை விடாமல் கேட்டுச் சொல்லிவிடுகிறேன் என்று பெருமையோடு நின்றுகொண்டிருந்தேன்.